ஆர்டர் குறைஞ்சிருக்கு: ஆள நிறுத்துறதா, வேலை நேரத்த குறைக்கிறதா?

கேள்வி: பிரிண்டிங், பேக்கிங் யூனிட் நடத்துறேன், மொத்தம் 20 பேர் வேலை பாக்குறாங்க. நாலு மாசமா ஆர்டர் கால்வாசி குறைஞ்சு போச்சு. நாலு பேர நிறுத்திருங்கன்னு ஆடிட்டர் சொல்றார். எனக்கு மனசு வரல. எல்லாருக்கும் வாரத்துல ஒரு நாள் குறைச்சு, சம்பளத்தையும் அதுக்கு தகுந்தாப்ல குறைச்சா என்னன்னு தோணுது. ஆனா அப்படி செஞ்சா நல்ல ஆளுங்க ஓடிருவாங்களோன்னு பயமாவும் இருக்கு. எது சரி?

பதில்: மனசு வரலன்னு எழுதியிருக்கீங்க, அத ஒரு பலவீனமா நினைக்காதீங்க. சம்பளக் கணக்கு, ஆள் நிர்வாகம்னு இந்த வேலையில ரொம்ப வருஷமா இருக்கேன், இந்த விஷயத்துல பேப்பர் பேனா எடுத்து கணக்கு போட்டா பாதிக்கு மேல நேரம் மனசு சொல்றதத்தான் கணக்கும் சொல்லுது. மீதி நேரம் ஆடிட்டர் சொல்றது சரியா இருக்கும். உங்களது இதுல எந்த வகைன்னு கண்டுபிடிக்கிறதுதான் இப்ப வேலை.

கைவிட்டுப் போன ஆர்டர் திரும்பி வருமா வராதா, முடிவு முழுக்க அதுல தான் நிக்குது. ஆர்டர் கால்வாசி குறைஞ்சிருச்சுன்னு மொத்தமா சொல்றீங்களே, அத கஸ்டமர் கஸ்டமரா பிரிச்சு பாருங்க. எல்லா கஸ்டமரும் கொஞ்சம் கொஞ்சம் குறைச்சு வாங்குறாங்கன்னா அவங்க வியாபாரமும் மந்தம்னு அர்த்தம், அது நிமிரும்போது உங்களுக்கும் நிமிரும். அப்படி இல்லாம பத்து பேரு பழையபடியே வாங்குறாங்க, ஒரே ஒரு பெரிய பார்ட்டி மட்டும் வேற இடத்துக்கு போயிட்டாங்க, இல்ல அந்த மாதிரி பெட்டியே இனி வேணாம்னு முடிவு பண்ணிட்டாங்கன்னா அது மந்தம் இல்ல, அந்த வேலை போயிருச்சு. ரெண்டுக்கும் வைத்தியம் வேற. பர்ச்சேஸ்ல இருக்கிறவங்களுக்கு போன் போட்டு நேராவே கேளுங்க, உங்ககிட்ட ஸ்டாக் எத்தன வாரத்துக்கு இருக்கு, அடுத்த மூணு மாசத்துக்கு என்ன திட்டம்னு. நாம கேக்க கூச்சப்படுற அளவுக்கு அவங்க சொல்ல கூச்சப்படுறதில்ல.

இப்ப கணக்குக்கு வருவோம். உங்க நிஜ நம்பர் எனக்கு தெரியாது, அதனால ஆளுக்கு மாச சம்பளம் 100ன்னு வெச்சுக்குறேன். சம்பளம் போக இன்சூரன்ஸ், யூனிஃபார்ம், போக்குவரத்து மாதிரி ஆள் இருந்தாலே ஆகுற செலவு 15ன்னு வைங்க. 20 பேருக்கு மொத்தம் 2300. அஞ்சு நாள் வேலைய நாலு நாளாக்கினா சம்பளம் 80 ஆகும், ஆனா அந்த 15 குறையாது, ஆளுக்கு 95, மொத்தம் 1900. மாசம் 400 மிச்சம். நாலு பேர நிறுத்தினா 115 வீதம் 460 மிச்சம். ஆடிட்டர் கண்ணுக்கு தெரியிறது இந்த 460 தான், அது 400 விட பெருசு தான், அவர் தப்பா சொல்லல.

ஆனா நிறுத்துறதுக்குன்னு ஒரு செலவு இருக்குல்ல. நோட்டீஸ் சம்பளம், நஷ்டஈடு, எடுக்காத லீவுக்கு காசு, எல்லாம் சேத்து ஆளுக்கு மூணு மாச சம்பளம்னு வெச்சா நாலு பேருக்கு 1200. இது முத மாசமே கையில இருந்து போற காசு. மாசம் 460 மிச்சத்துல இத மீட்கவே ரெண்டரை மாசத்துக்கு மேல ஆகும், அதுவும் காசு இழுபறியா இருக்கிற சமயத்துல. நேரத்த குறைக்கிறதுல முத மாசத்துல இருந்தே மிச்சம் தான். ரெண்டு வழிக்கும் மாச வித்தியாசம் வெறும் 60, அப்ப 1200 செலவு பண்ணது நியாயம்னு ஆக 20 மாசம் வேணும். ஆர்டர் திரும்பி வந்து புது ஆளு எடுத்து பழக்க ஆளுக்கு ரெண்டு மாச சம்பளம் அளவுக்கு செலவாகும்னு சேத்தா 2000 ஆயிரும், 33 மாசம். அதாவது மந்தம் ரெண்டரை வருஷத்துக்கு மேல இழுத்தாத்தான் நிறுத்துனது லாபம். உங்க நம்பர போட்டு இதே கணக்க போட்டு பாருங்க, நஷ்டஈடு குறைவா இருந்தா, இல்ல ஆள் மேல ஆகுற மத்த செலவு அதிகமா இருந்தா இந்த மாசங்கள் சட்டுன்னு சுருங்கும், அப்ப ஆடிட்டர் பக்கம் தராசு சாயும்.

இந்த கணக்குல வராத ஒண்ணு இருக்கு, அத நான் கண்ணால பாத்தேன். முன்னாடி ஒரு பேக்கிங் யூனிட்ல இருந்தப்ப இதே மாதிரி மந்தம், நாலஞ்சு பேர நிறுத்தினோம், லிஸ்ட்ட தயார் பண்ணது நான் தான். அதுல பஞ்சிங் மெஷின் ஓட்டுற ஒரு பெரியவர். சம்பளம் கூட, வயசும் ஆயிருச்சுன்னு காரணம் எழுதினேன். அஞ்சாவது மாசம் ஆர்டர் வந்துச்சு. புதுசா வந்த பையன் டைய, அதாவது அட்டைய வெட்டுற அச்ச, மாட்டி ஓட்டுறான், ஒரு பக்கம் வெட்டு விழுது, இன்னொரு பக்கம் அட்ட பிரியவே மாட்டேங்குது. மெஷின் தட்டுல பாத்தா அந்த பெரியவர் பென்சில்ல போட்ட சின்ன சின்ன குறி, எந்த டைக்கு எந்த இடத்துல எத்தன டேப் ஒட்டணும்னு அவருக்கு மட்டும் புரியிற குறி. படிக்கத் தெரிஞ்ச ஆளு இல்ல. கூப்பிட்டோம், அவர் அதுக்குள்ள வேற இடத்துல சேந்துட்டார், வரல. மூணு வாரம் அட்ட அட்டையா வேஸ்ட் போச்சு. அந்த லிஸ்ட்ட நினைச்சா இன்னைக்கும் எனக்கு உறுத்தும். அதனால தான் சொல்றேன், பேரு எழுதுறதுக்கு முன்னாடி இவரு நாளைக்கு இல்லன்னா எது நிக்கும்னு ஒவ்வொரு பேருக்கும் எதிர்ல எழுதுங்க.

நேரத்த குறைக்கிறது ஏதோ இளகின மனசுக்காரங்க வழின்னு சிலர் சொல்லுவாங்க, அப்படி இல்ல. ஜெர்மனியில இதுக்கு குர்ஸ்ஆர்பைட்னு பேரு, குறுகிய வேலைன்னு அர்த்தம். 2009-ல அங்க பொருளாதாரம் அஞ்சு சதவீதத்துக்கும் மேல சுருங்கிச்சு, ஆனா வேலையில்லாதவங்க எண்ணிக்கை பெருசா ஏறல, அதுக்கு ஒரு முக்கிய காரணம், 14 லட்சத்துக்கும் மேல ஆளுங்க அந்த சமயத்துல குறைஞ்ச நேரத்துல இருந்தாங்க. 2020 ஏப்ரல் கொரோனா சமயத்துல அது சுமார் 60 லட்சம். ஆனா ஒண்ண கவனிங்க, அங்க நேரம் குறைஞ்சதால இழந்த நிகர சம்பளத்துல (பிடித்தம் போக கைக்கு வர்றது) 60 சதவீதம், குழந்தை இருந்தா 67 சதவீதம், வேலையின்மை காப்பீட்டுல இருந்து வருது. அமெரிக்காவுல கலிஃபோர்னியா 1978-லேயே இந்த மாதிரி ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு. இப்படி திட்டம் இருக்கிற ஊர்ல நீங்க இருந்தா யோசிக்கவே வேணாம், முதல்ல அதுக்கு அப்ளை பண்ணுங்க. இல்லன்னா குறையிற சம்பளத்தோட முழு பாரமும் உங்க ஆளுங்க தலையில தான், அத மறக்காம மத்ததெல்லாம் பேசணும்.

அந்த பாரம் எப்படி இருக்கும்னு ஒரு தடவ பக்கத்துல இருந்து பாத்தேன். சம்பளம் 20 சதவீதம் குறையும்னு சர்க்குலர் குடுத்தோம், பேக்கிங்ல இருந்த ஒரு அம்மா அத வாங்கி பின்பக்கம் திருப்பி அங்கேயே கணக்கு எழுதுனாங்க, வாடகை, ஸ்கூல் ஃபீஸ், லோன் தவணை, கூட்டி பாத்துட்டு சாப்பாட்டுக்கு எழுத இடமே இல்லாம பேனாவ மூடிட்டாங்க. வாய் திறந்து ஒண்ணும் சொல்லல. 20 சதவீதம்ன்றது மேனேஜருக்கு சேமிப்புல இருந்து போகும், அவங்களுக்கு தட்டுல இருந்து போகும். அதனால எல்லாருக்கும் ஒரே சதவீதம்னு வெச்சா பாக்க நியாயம் மாதிரி தெரியும், நியாயம் இல்ல. நீங்க எடுக்கிற காச முதல்ல குறைங்க, பெரிய சம்பளத்துல அதிகம், கீழ் சம்பளத்துல கம்மின்னு படி வைங்க.

ஜெர்மன் கார் கம்பெனி ஃபோக்ஸ்வாகன் இதுல ஒரு நல்ல வழி காட்டுச்சு. 1993-ல சுமார் 30,000 வேலை போகுற நிலைமை, யூனியனோட பேசி 1994-ல இருந்து வாரத்துக்கு 36 மணி நேரத்த 28.8 ஆக்குனாங்க. வருஷ வருமானம் குறைஞ்சுது தான், ஆனா வருஷக் கடைசியில மொத்தமா குடுக்கிற போனஸ் மாதிரி தொகைகள மாசா மாசம் பிரிச்சு குடுத்து மாச சம்பளம் பழைய அளவுலேயே கைக்கு வர்ற மாதிரி பாத்துக்கிட்டாங்க. வாடகையும் தவணையும் மாசக் கணக்கு தானே. உங்ககிட்டயும் போனஸ், இன்சென்டிவ்னு வருஷத்துக்கு ஒரு தடவ குடுக்கிற ஏதாவது இருந்தா அத மாசத்துக்கு பிரிச்சு குடுக்க முடியுமான்னு பாருங்க.

நல்ல ஆளுங்க ஓடிருவாங்களான்னு கேட்டீங்க. பயம் நியாயமானது. யேல் பல்கலைக்கழக பொருளாதார பேராசிரியர் ட்ரூமன் ப்யூலி 1990-கள் ஆரம்பத்துல அமெரிக்காவுல 300 பேருக்கு மேல, பெரும்பாலும் கம்பெனி நடத்துறவங்க, ஆள் நிர்வாகம் பாக்குறவங்ககிட்ட, மந்தத்துல ஏன் சம்பளத்த குறைக்காம ஆள நிறுத்துறீங்கன்னு கேட்டார். சம்பளத்த வெட்டினா உள்ள இருக்கிற எல்லாரோட மனசும் கெட்டுப் போகும், நிறுத்தினா கஷ்டப்படுறவங்க வெளிய போயிருவாங்கன்ற மாதிரி தான் பதில் வந்துச்சு. கேக்க கொடூரமா இருந்தாலும் அதுல உண்மை இருக்கு. ஆனா அவங்க பயந்தது அதே நேரம் வேலை பாத்துட்டு சம்பளம் மட்டும் குறையிறத பத்தி தான். நேரமும் சேந்து நிஜமாவே குறைஞ்சா ஆளுங்க அத வேற மாதிரி எடுத்துப்பாங்க. அதனால நாலு நாள்னு சொல்லிட்டு அஞ்சு நாள் வேலைய நாலு நாளுல திணிக்காதீங்க, லீவு நாள்ல போன் பண்ணி கொஞ்சம் வந்துட்டு போப்பான்னு கூப்பிடாதீங்க. ஒரு டிபார்ட்மென்ட்டுக்கு நேரக் குறைப்பு, பக்கத்து டிபார்ட்மென்ட்டுக்கு ஓவர்டைம்னு ஓடுனா அன்னைக்கே நம்பிக்கை போயிரும். அதுக்கு மேலயும் ஒருத்தர் ரெண்டு பேர் போகத்தான் செய்வாங்க. போகக் கூடாதவங்க யாருன்னு உங்களுக்கே தெரியும், அவங்கள தனியா உக்கார வெச்சு நிலைமைய மறைக்காம சொல்லுங்க.

எப்படி குறைக்கிறதுன்னா, தினம் ஒண்ணரை மணி நேரம் குறைக்கிறத விட ஒரு முழு நாள் மூடுறது உங்க மாதிரி யூனிட்டுக்கு நல்லது. மெஷின் சூடு பண்ற நேரம், செட்டிங், கரன்ட், ஆளுங்களோட போக்குவரத்து எல்லாம் ஒரு நாள் முழுசா மிச்சம், அவங்களுக்கும் அந்த நாள்ல வேற ஏதாவது சம்பாதிக்க வழி இருக்கும், அத தடுக்காதீங்க. அமெரிக்காவுல கிளீவ்லாண்ட்ல லிங்கன் எலெக்ட்ரிக்னு வெல்டிங் மெஷின் கம்பெனி, 1980-கள் ஆரம்பத்துல விற்பனை பயங்கரமா விழுந்தப்பவும் ஆள நிறுத்தல, நேரத்த குறைச்சாங்க, ஃபேக்டரி ஆளுங்கள்ல விருப்பப்பட்டவங்களுக்கு பயிற்சி குடுத்து சின்ன வெல்டிங் மெஷின் விக்க வெளிய அனுப்பினாங்க. உங்க ஆளுங்கள்லயும் கஸ்டமர்கிட்ட பேசத் தெரிஞ்சவங்க ரெண்டு பேர் இருப்பாங்க.

எழுத்துல என்ன இருக்கணும்ன்றது ரொம்ப முக்கியம். நீங்களா சம்பளத்த குறைச்சு நோட்டீஸ் போர்டுல ஒட்டிற முடியாது, பெரும்பாலான ஊர்ல அது ஒப்பந்த மீறல், ஒவ்வொருத்தர் சம்மதமும் கையெழுத்தோட வேணும், முன்கூட்டியே அறிவிப்பு குடுக்கணும்னு சட்டம் இருந்தா அத குடுக்கணும், குறைஞ்சபட்ச கூலிக்கு கீழ எக்காரணம் கொண்டும் போகக் கூடாது. உங்க ஊர் சட்டத்த தெரிஞ்ச தொழிலாளர் வக்கீல்கிட்ட ஒரு மணி நேரம் உக்காந்துருங்க, அந்த ஃபீஸ் வீண் போகாது. கடிதத்துல தேதி போடுங்க, இந்த தேதியில இருந்து இந்த தேதி வரைக்கும், மூணு மாசம், அதுக்கு அப்புறம் திரும்ப பேசுவோம்னு. தேதி இல்லாத நேரக் குறைப்பு நிரந்தர சம்பள வெட்டு தான். இன்னொரு வரி பலரும் விட்டுருவாங்க: ஒருவேளை பின்னாடி யாரையாவது நிறுத்த வேண்டி வந்தா நஷ்டஈடும் லீவு காசும் குறைக்கிறதுக்கு முந்தின பழைய சம்பளத்துலதான் கணக்கு போடுவோம்னு எழுதுங்க. இல்லன்னா கூட நின்னு தாங்கிக்கிட்டவங்களுக்கே செட்டில்மென்ட் குறைஞ்சு போகும், அது பெரிய துரோகம்.

ஆனா போன் போட்டு விசாரிச்சதுல அந்த பெரிய பார்ட்டி திரும்பி வரவே மாட்டாங்கன்னு தெரிஞ்சா, அந்த வேலைய புது கஸ்டமர வெச்சு நிரப்பவும் வழி இல்லன்னா, 20 பேரையும் வருஷக்கணக்கா 80 சதவீத சம்பளத்துல வெச்சு இழுக்காதீங்க. எல்லாருமே மெல்ல மெல்ல வறுமைக்கு போவாங்க, கடைசியில எப்படியும் நிறுத்த வேண்டி வரும், அப்ப நஷ்டஈடு குடுக்க கையில காசு இருக்காது. அந்த நிலைமையில காசு இருக்கும்போதே, ஒரே தடவையில செய்ங்க, மாசத்துக்கு ஒருத்தர்னு செஞ்சா மீதி பேர் தினமும் தன் பேரு எப்ப வரும்னு பயத்துலயே வருவாங்க. தானா போக விரும்புறவங்க இருக்காங்களான்னு முதல்ல கேளுங்க, ரிட்டயர்மென்ட் கிட்ட இருக்கிறவங்க, வேற ஊருக்கு போக நினைக்கிறவங்க இருப்பாங்க. யாருன்னு முடிவாச்சுன்னா நீங்களே உக்காந்து சொல்லுங்க, சூப்பர்வைசர விட்டு சொல்லாதீங்க, செட்டில்மென்ட் காசு அன்னைக்கே கையில இருக்கட்டும்.

நீங்க எழுதினத வெச்சு பாத்தா, நாலு மாசம், கால்வாசி, ஒரே கஸ்டமர் போனதா நீங்க சொல்லல, அதனால மூணு மாசத்துக்கு நாலு நாள் வாரம்னு ஆரம்பிங்கன்னு தான் சொல்லுவேன். இந்த வாரம் கஸ்டமர்களுக்கு போன், அடுத்த வாரம் வக்கீல், அதுக்கு அப்புறம் 20 பேரையும் ஒண்ணா உக்கார வெச்சு ஆர்டர் புக்க திறந்து காட்டுங்க. ரெண்டாவது மாசக் கடைசியில அதே புக்க திரும்ப திறங்க. ஆர்டர் அதே இடத்துல நின்னா இன்னொரு மூணு மாசம், இன்னும் கீழ போயிருந்தா மூணாவது மாசம் முடியிற வரைக்கும் காத்திருக்காம அப்பவே ஆடிட்டர கூப்பிட்டு மேல சொன்ன கணக்க நிஜ நம்பரோட திரும்ப போடுங்க.