இன்ஜினே இல்லாத கிளைடருக்கும் கட்டாயப் பழுதுபார்ப்பு உண்டா?

உண்டு. ஒரு ரகத்தில் ஆபத்தான குறை தெரியவந்தால், விமானப் பாதுகாப்பு அமைப்பு ஆணை பிறப்பிக்கும். அதில் சொன்ன சோதனையையோ பழுதுபார்ப்பையோ கெடுவுக்குள் முடித்துப் பதிவேட்டில் ஏற்றாமல் பறக்கக் கூடாது. "என் கிளைடர் நன்றாகத்தானே இருக்கிறது" என்ற பேச்சே எடுபடாது.

செக்கோஸ்லோவாக்கியாவில் உருவான பிளானிக் எல்-13 பயிற்சிக் கிளைடரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2010 ஜூனில் ஆஸ்திரியாவில் ஒன்றின் இறக்கை நடுவானில் முறிந்து இருவர் இறந்தனர். இறக்கையைத் தாங்கும் முதன்மைச் சட்டத்தின் கீழ்ப்பட்டையில், உடலோடு சேரும் இடத்தருகே, உலோகச் சோர்வு; அதாவது திரும்பத் திரும்ப விசை பட்டு உலோகத்தில் விரிசல் விழும் குறை. பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளையும். அப்போது இழுபடுவது இந்தப் பட்டைதான். ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பான ஈயாசா (EASA) முதலில் சோதிக்கச் சொன்னது. அது போதாது என்றானதும் பறக்கவே தடை விதித்தது. அப்புறம் இறக்கையை வலுப்படுத்தும் முறைகளுக்கு அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் பழைய கிளைடருக்கு அவ்வளவு செலவு எத்தனை கிளப்புக்குக் கட்டுப்படியாகும்?