மகள் மனித உரிமை வேலைக்குப் போகப் போகிறேன் என்கிறாள், என்ன செய்வது?

அம்மா, இந்தத் துறையில் வேலை இருக்கிறதா என்று கேட்டுத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில், பொலிஸ் வீட்டுக்கு வந்தால் பக்கத்து ஃபிளாட் ஆட்களுக்கு என்ன சொல்வது என்று ஒரு வரி வருகிறதே, அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

கொழும்பில் பிள்ளை வளர்க்கிற தமிழ்த் தாய்க்கு அந்தப் பயம் வராவிட்டால்தான் ஆச்சரியம். தற்காலிகம் என்று 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமானது. 2020இல் அஹ்னாப் ஜஸீம் என்ற இளம் ஆசிரியரை அவர் எழுதிய தமிழ்க் கவிதைகளைக் காரணம் காட்டி அந்தச் சட்டத்தில் பிடித்தார்கள், பிணை கிடைக்க 2021 டிசம்பர் ஆனது, 2023இல்தான் நீதிமன்றம் விடுதலை செய்தது. பேஸ்புக்கில் எழுதியதற்கு 2007ஆம் ஆண்டின் ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தைப் பாவித்துக் கைது செய்திருக்கிறார்கள், 2024இல் இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்துகிற நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்துவிட்டது. ஆகவே ஒன்றும் நடக்காது என்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை.

ஆனால் நடைமுறை தெரிந்த வீட்டுக்கும் தெரியாத வீட்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. சாதாரணச் சட்டத்தில் கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், 24 மணித்தியாலத்துக்குள் நீதவானிடம் கொண்டுபோக வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தால் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996, அதற்கான சட்டம் வந்த ஆண்டும் அதுதான், மறக்காது. அடிப்படை உரிமை மீறப்பட்டால் அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு போட்டால், அங்கே விசாரணை நடக்கிற காலம் கணக்கில் சேராது. நிறையப் பேர் அழுது, ஆட்களைப் பிடித்து, எம்.பி. வீட்டுக்கு அலைந்து அந்த மாதத்தைத் தொலைத்துவிடுகிறார்கள். சட்டத்தரணிக்குக் காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. இதை ஒரு தாளில் எழுதி, தெரிந்த ஒரு சட்டத்தரணியின் இலக்கத்தையும் சேர்த்து, நீங்களும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபோன் விஷயத்தில் மகள் உங்களை விடக் கெட்டிக்காரி என்றுதான் நினைப்பீர்கள், அநேகமாக இல்லை. 'செக்யூரிட்டி இன் எ பொக்ஸ்' என்று ஒரு இலவச வழிகாட்டி இணையத்தில் இருக்கிறது, மனித உரிமைப் பணியாளர்களுக்காகவே தயாரித்தது. கணக்குகளுக்கு இரண்டு கட்டப் பாதுகாப்புப் போடுவது, கூட்டத்தில் நிற்கிறவர்களின் முகம் தெரிகிற படத்தைக் கேட்காமல் போடாமல் இருப்பது, சாட்சி சொன்னவரின் பெயரை வட்ஸ்அப் குரூப்பில் எழுதாமல் இருப்பது, இவ்வளவையும் பழக்கமாக்கச் சொல்லுங்கள். கணக்கை யாராவது ஊடுருவினால் அக்சஸ் நவ் என்ற அமைப்பின் உதவிச் சேவை இந்த வேலை செய்கிறவர்களுக்கு 24 மணித்தியாலமும் இலவசமாக உதவும். உடல் ரீதியான ஆபத்து என்றால் டப்ளினில் இருக்கிற ஃப்ரண்ட் லைன் டிஃபெண்டர்ஸ் என்ற அமைப்பிடம் கேட்கலாம்.

சரி, வேலைக்கு வருவோம். ஆர்வலர் என்று ஒரு பதவி எந்த அலுவலகத்திலும் கிடையாது. அங்கே சம்பளம் வாங்குகிறவர்கள் ஆய்வாளர், ஆவணப்படுத்துபவர், சட்ட உத்தியோகத்தர், மொழிபெயர்ப்பாளர், கணக்காளர். (கணக்காளரை யாரும் நினைப்பதில்லை, ஆனால் நல்ல கணக்காளர் இல்லாமல் மூடிய அமைப்புகள் உண்டு.) 2022இல் காலிமுகத்திடல் போராட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் நின்றார்கள், அது பெரிய விஷயம்தான். அந்த ஜூலையில் போட்ட அவசரகாலச் சட்டம் அடிப்படை உரிமைகளை மீறியது என்று 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்புக் கொடுத்ததே, அது மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் போன்ற அமைப்புகளும் சட்டத்தரணி அம்பிகா சற்குணநாதன் போன்ற தனியாட்களும் உட்கார்ந்து எழுதிய மனுக்களால் வந்தது. அம்பிகா மனித உரிமைகள் ஆணைக்குழுவில் இருந்தபோது நாடு முழுக்கச் சிறைச்சாலைகளுக்குப் போய்ச் செய்வித்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. மகளை அதை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கூடத்தில் எத்தனை பேர் படுக்கிறார்கள், மலசலகூடம் எத்தனை என்று பொறுமையாக எழுதுவதுதான் இந்தத் தொழிலின் பெரும்பகுதி. அது அலுப்பாக இருந்தால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

பயிற்சிக்குக் காசு வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, இலங்கைப் பிரஜை யாரும் பாவிக்கலாம், தமிழில் எழுதலாம், ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்க முடியாது. உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் தமிழில் முறைப்பாடு எழுதக்கூடிய உத்தியோகத்தர்கள் எத்தனை பேர் என்று ஒரு கடிதம், மாநகர சபைக்கு உங்கள் ஒழுங்கை வடிகாலைப் பற்றி இன்னொன்று. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் கொடுப்பதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும், மறுத்தால் முதலில் அந்த நிறுவனத்துக்குள்ளேயே மேன்முறையீடு, பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. வந்த பதிலை வைத்து 800 சொல்லில் ஒரு கட்டுரை எழுதி 'மாற்றம்' இணையத்தளத்துக்கு அனுப்பட்டும். போட்டாலும் போடாவிட்டாலும், நேர்முகத் தேர்வில் அந்தக் கோப்பை மேசையில் வைக்கிற பிள்ளைக்கும் சமூக சேவையில் ஆர்வம் உண்டு என்று சிவி எழுதுகிற பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் எடுக்கிறவர்களுக்கு உடனே தெரியும். தேர்தல் வந்தால் பெப்ரல் அமைப்பின் கண்காணிப்புக்குத் தொண்டராகப் போகலாம், விதிப்படி ஒரு படிவம் நிரப்புவது எப்படி என்று அங்கே பழகுவாள்.

இப்போது நான் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய இடம். சிங்களம். பேசத் தெரியும் என்கிறீர்கள், கடைக்குப் போய்வர அது போதும், பொலிஸ் அறிக்கை வாசிக்கப் போதாது. மூன்று மொழியிலும் எழுதத் தெரிந்த பிள்ளைகள் கொழும்பில் மிகவும் குறைவு, இந்தத் துறையில் வேறு எந்தச் சான்றிதழையும் விட அதற்குத்தான் கிராக்கி. ஏ.எல். முடித்து கெம்பஸ் தொடங்கும் வரை பிள்ளைகள் சும்மா இருக்கிற அந்த நீண்ட காலத்தைச் சிங்களம் எழுதுவதற்கே கொடுத்தாலும் வீண் இல்லை. நிதி வறண்ட காலத்தில் மொழிபெயர்ப்பு வேலை வீட்டுச் செலவைப் பார்க்கும், பின்னாளில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகவும் போகலாம்.

படிப்பு என்றால் சட்டம் முதல் தெரிவு. இசட் புள்ளி போதாமல் கொழும்புப் பல்கலைக்கழகச் சட்ட பீடமோ யாழ்ப்பாணமோ கிடைக்காவிட்டால், நாவலயில் திறந்த பல்கலைக்கழகத்தின் சட்டமாணி இருக்கிறது, அல்லது நேரே சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை. பட்டம் எடுத்தாலும் சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்யச் சட்டக் கல்லூரிப் பரீட்சைகளும் பயிலுநர் காலமும் உண்டு, அந்த வருடங்களையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். சட்டம் பிடிக்காவிட்டால் சமூகவியல், புள்ளிவிபரம், ஊடகம், எதுவும் தப்பில்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் மனித உரிமைகள் கற்கைக்கான நிலையம் 1991 முதல் இருக்கிறது, அங்கே என்ன கற்கைநெறி போகிறது என்று நேரில் போய்க் கேட்கட்டும்.

காசைப் பற்றி மறைக்கமாட்டேன். இங்கே வேலை பெரும்பாலும் திட்ட ஒப்பந்தம்தான், நிதி முடிந்தால் கதிரையும் போய்விடும். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது கொழும்பில் எத்தனையோ பேர் ஒரே மாதத்தில் வேலை இழந்தார்கள். அதனால் சேர முன்னர் ஒப்பந்தம் எத்தனை மாதம், ஈ.பி.எஃப். என்ற ஊழியர் சேமலாப நிதி போடுகிறார்களா (நிறுவனம் 12, அவள் 8 வீதம்), ஈ.டி.எஃப். என்ற ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம் உண்டா, வெளி மாவட்டப் பயணத்துக்கு யார் செலவு என்று கேட்க வேண்டும். தொழிலாளர் உரிமையைப் பற்றி மாநாடு வைத்துவிட்டு இன்டர்ன் பிள்ளைக்கு பஸ் காசும் கொடுக்காத இடங்கள் இருக்கின்றன, அப்படிப்பட்ட இடத்தில் மூன்று மாதத்துக்கு மேல் இருக்க வேண்டாம்.

வெளிநாட்டைப் பற்றி உங்கள் தம்பி கனடாவிலிருந்து ஏதோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், அதை விட்டுவிடுங்கள். உண்மையான வாய்ப்புகள் உண்டு. ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சிறுபான்மையினருக்காக ஜெனீவாவில் நடத்தும் ஃபெலோஷிப், மொன்ட்ரியலில் எகுவிட்டாஸ் என்ற மனித உரிமைக் கல்வி அமைப்பின் பயிற்சி, பேங்கொக்கில் ஃபோரம் ஏசியா என்ற மனித உரிமை அமைப்பின் பயிற்சிகள். இவர்கள் கேட்பது வேலை செய்த அனுபவம், ஒரு அமைப்பின் சிபாரிசு. இப்போது விண்ணப்பித்துப் பயனில்லை, சில வருடம் போகட்டும். ஜெனீவாக் கூட்டத்துக்கு அனுப்புகிறேன் என்று முன்பணம் கேட்கிற ஏஜென்ட் யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அடுத்த மாதம் மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். வரும்போது அவள் தகவல் கேட்டுப் போட்ட கடிதத்தின் பிரதியும், எதைப் பற்றியென்றாலும் பரவாயில்லை, சிங்களத்தில் கையால் எழுதிய ஒரு பக்கமும் வேண்டும். அதைப் பார்த்துவிட்டு சட்டமா ஆய்வா என்று பேசலாம்.