வாசகர் கேள்வி - பதில்: பிரிட்டனின் முன்னாள் ஓய்வூதிய அமைச்சர் ஸ்டீவ் வெப்

கேள்வி: ஓய்வூதியம் என்ற ஒரே துறையைப் பிடித்துக்கொண்டு அரசியலில் உயர்ந்தவர் யாராவது உண்டா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: பிரிட்டனின் ஸ்டீவ் வெப். அரசியலுக்கு வருமுன் 1986 முதல் 1995 வரை லண்டனில் வரி, உதவித்தொகை பற்றி ஆராயும் நிறுவனத்தில் பொருளியலாளர். பிறகு பாத் பல்கலைக்கழகத்தில் சமூகக் கொள்கைப் பேராசிரியர். 1997இல் லிபரல் டெமாக்ராட் கட்சி எம்.பி. ஆனார். 2010 மே மாதம் அமைந்த கூட்டணி அரசில் ஓய்வூதியத் துறை அமைச்சரானார். முழு அமைச்சரவையில் இடமில்லாத இரண்டாம் நிலைப் பதவிதான். ஆனால் அதே நாற்காலியில் ஐந்து ஆண்டு இருந்தார். அவருக்கு முந்தைய பதின்மூன்று ஆண்டுகளில் அந்தப் பதவிக்குப் பலர் வந்து போயிருந்தார்கள்.

அந்த ஐந்து ஆண்டு ஏன் முக்கியம் என்பதற்கு அவர் கொண்டுவந்த புதிய அரசு ஓய்வூதியமே சான்று. ஆலோசனை அறிக்கை வந்தது 2011இல். வெள்ளை அறிக்கை 2013 ஜனவரியில். சட்டம் 2014 மே மாதத்தில். பணம் கொடுக்கத் தொடங்கியது 2016 ஏப்ரல் 6. நடுவில் அமைச்சர் மாறியிருந்தால் கோப்பு அலமாரிக்குப் போயிருக்கும். திட்டம் நடைமுறைக்கு வர பதினோரு மாதம் இருக்கும்போது, 2015 தேர்தலில் அவரே தொகுதியை இழந்தார். பிறகு ஓய்வூதிய நிறுவனங்களில் பணி, 2017இல் சர் பட்டம்.

கேள்வி: என் மகன் லண்டனில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். சம்பளத்தில் ஓய்வூதியத்துக்குப் பிடிக்கிறார்களாம், அந்தத் திட்டத்திலிருந்து விலகப் போகிறேன் என்கிறான். சரியா? (வாசகி, ஈஸ்ட் ஹாம்)

பதில்: விலக வேண்டாம். கேட்காமலே சேர்த்துவிடும் இந்த முறைக்கான சட்டம் 2008இல் தொழிற்கட்சி அரசு போட்டது; 2012 அக்டோபரில் பெரிய நிறுவனங்களில் தொடங்கி நடைமுறைப்படுத்தியவர் வெப். ஆரம்பத்தில் மொத்தப் பிடித்தம் 2 சதவீதம்தான். சம்பளச் சீட்டில் வலி தெரிந்தால் ஆட்கள் ஓடிவிடுவார்கள் என்பதால் குறைவாகத் தொடங்கி, 2018 ஏப்ரலில் 5, 2019 ஏப்ரலில் 8 என்று ஏற்றினார்கள். நிறுவனம் தானாகச் சேர்த்துவிடும் நிதியில் ஆண்டு நிர்வாகக் கட்டணம் 0.75 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற உச்சவரம்பும் வெப் காலத்தில் வந்தது. நாற்பது ஆண்டுச் சேமிப்பில் ஒரு சதவீதக் கட்டணம்கூட எவ்வளவு தின்னும் என்பதை அறிந்தவர் வைத்த வரம்பு அது.

மகனின் சம்பளம் ஆண்டுக்கு 25,000 பவுண்டு என்று வைப்போம். முதல் 6,240 பவுண்டைக் கழித்து மீதி 18,760க்குத்தான் கணக்கு. அதில் 8 சதவீதம் 1,500.80 பவுண்டு. நிறுவனம் போடுவது 562.80, வரிச் சலுகை 187.60. மகன் கையிலிருந்து போவது 750.40 மட்டும். அவர் ஒரு பவுண்டு போட்டால் இரண்டு பவுண்டு சேருகிறது. விலகினால் அந்த இன்னொரு பவுண்டு யாருக்கும் இல்லை.

விலகியே தீர வேண்டும் என்றால் சேர்த்த ஒரு மாதத்துக்குள் சொன்னால் பிடித்த பணம் திரும்பும். அதற்குப் பின் 55 வயது வரை (2028 ஏப்ரல் முதல் 57) அது அங்கேயே இருக்கும். விலகியவரையும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி சேர்ப்பார்கள்.

இந்த முறையின் ஓட்டைகளையும் சொல்ல வேண்டும். ஒரே வேலையில் ஆண்டுக்கு 10,000 பவுண்டுக்கு மேல் வாங்கினால்தான் தானாகச் சேர்ப்பார்கள். இரண்டு கடைகளில் எட்டாயிரம் எட்டாயிரம் வாங்குபவர் இரண்டிலும் விடுபடுவார். அவர் எழுதிக் கேட்டால் இரண்டு முதலாளிகளும் சேர்த்துப் பங்கும் போட வேண்டும். கேட்காவிட்டால் ஒன்றுமில்லை. சொந்தத் தொழில் செய்வோரை, அதாவது டாக்சி ஓட்டுபவரையும் சிறு கடை வைத்திருப்பவரையும், திட்டம் தொடவே இல்லை. இது பெரிய குறை.

கேள்வி: 55 வயதில் முழுப் பணத்தையும் எடுக்கலாமா?

பதில்: 2015 ஏப்ரல் முதல் எடுக்கலாம். ஆனால் கால் பங்குக்குத்தான் வரியில்லை. சேமிப்பு 40,000 பவுண்டு என்றால் 30,000 அந்த ஆண்டு வருமானத்தோடு சேரும். சம்பளம் 25,000 இருந்தால் மொத்தம் 55,000. 50,270க்கு மேலுள்ள பகுதிக்கு 40 சதவீத வரி. வேலையில் இருக்கும்போது மொத்தமாக உருவாதீர்கள்.

கேள்வி: நான் 22 ஆண்டுதான் நேஷனல் இன்ஷூரன்ஸ் (அரசு ஓய்வூதியத்துக்குக் கணக்கில் வரும் காப்பீட்டுக் கட்டணம்) கட்டியிருக்கிறேன். அரசு ஓய்வூதியம் கிடைக்குமா? (வாசகர், ஹாரோ)

பதில்: கிடைக்கும். வெப்பின் புதிய முறையில் குறைந்தது 10 ஆண்டு, முழுத்தொகைக்கு 35 ஆண்டு. 2025-26இல் முழுத்தொகை வாரம் 230.25 பவுண்டு. எல்லா ஆண்டும் 2016க்குப் பிந்தைய விதியில் வந்தால் 35இல் 22 பங்கு, ஏறக்குறைய 144.73. நடு வயதில் புலம்பெயர்ந்து வந்த பலருக்கும் இந்தப் பற்றாக்குறை உண்டு.

விடுபட்ட ஓர் ஆண்டை நிரப்ப, அதே ஆண்டுக் கட்டணப்படி, சுமார் 923 பவுண்டு. அது வாரத்துக்கு 6.58, ஆண்டுக்கு 342 பவுண்டு கூட்டும். மூன்று ஆண்டுக்குள் போட்ட பணம் வந்துவிடும். பொதுவாகக் கடந்த ஆறு ஆண்டுகளைத்தான் நிரப்ப முடியும். கட்டுவதற்கு முன் அரசு இணையதளத்தில் உங்கள் ஓய்வூதிய முன்மதிப்பீட்டைப் பாருங்கள். 2016க்கு முந்தைய சில ஆண்டுகளை நிரப்பினாலும் தொகை கூடாமல் போகலாம். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குச் சைல்ட் பெனிஃபிட் (பிள்ளை வளர்க்க அரசு தரும் உதவித்தொகை) வாங்கிய ஆண்டுகள் பணம் கட்டாமலே கணக்கில் சேரும். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி, தாத்தாவும் ஓய்வூதிய வயதை எட்டாதிருந்தால் அந்த வரவைத் தங்கள் பெயருக்கு மாற்றிக் கேட்கலாம்.

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 84. அப்பா முழு ஓய்வூதியம் வாங்குகிறார், அம்மாவுக்கு மிகச் சொற்பம். ஏன்?

பதில்: உடனே விசாரியுங்கள். கணவருக்கு முழு அடிப்படை ஓய்வூதியம் இருந்தால் 2016க்கு முந்தைய பழைய முறையில் மனைவிக்கு அதில் 60 சதவீதம் வரை உரிமை உண்டு. கணவர் 2008 மார்ச் 17க்கு முன் ஓய்வு வயதை எட்டியிருந்தால் மனைவி தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. பலருக்கு அது தெரியவில்லை. கணவர் அந்தத் தேதிக்குப் பின் எட்டியிருந்தால் தானாகக் கூட்டியிருக்க வேண்டும்; ஓய்வூதியத் துறை அதைப் பலருக்குச் செய்யவில்லை. பதவி இழந்த பின் நிதிக் கேள்வி-பதில் பத்தி எழுதிய வெப், ஒரு வாசகர் கடிதத்தைத் துருவியபோதுதான் இது வெளியே வந்தது. நிலுவை நூறு கோடி பவுண்டுக்கு மேல் என்று 2021இல் தணிக்கை அலுவலகம் மதிப்பிட்டது.

அதே வெப் அமைச்சராக இருந்தபோதுதான், 2011 சட்டத்தால், 1950களில் பிறந்த பெண்கள் சிலரின் ஓய்வு வயது மேலும் 18 மாதம் வரை தள்ளிப்போனது. போதிய அவகாசம் தராத அந்த முடிவை நாங்கள் நியாயம் என்று சொல்ல மாட்டோம்.

கேள்வி: ஓய்வு பெற்றதும் யாழ்ப்பாணம் போய் இருக்கலாம் என்று எண்ணம். (வாசகர், டூட்டிங்)

பதில்: பணம் அங்கேயும் வரும், ஆனால் உயராது. விலைவாசி உயர்வு, சராசரி ஊதிய உயர்வு, 2.5 சதவீதம் ஆகிய மூன்றில் எது அதிகமோ அந்த அளவு ஆண்டுதோறும் ஏறும் ‘ட்ரிபிள் லாக்’ பிரிட்டனிலும், உயர்வு செல்லுபடியாகும் சில வெளிநாடுகளிலும் இருப்பவருக்குத்தான். இலங்கையோ இந்தியாவோ போய் நிலையாகத் தங்கினால், போன அன்றைய தொகை அப்படியே உறைந்துவிடும். வெப்பின் சீர்திருத்தமும் இந்த விதியை மாற்றவில்லை. மீண்டும் பிரிட்டன் வந்து குடியேறினால் அன்றைய முழு விகிதம் கிடைக்கும். சும்மா வந்து போனால் இங்கே இருக்கும் வாரங்களுக்கு மட்டும். ஆகவே வீட்டை விற்குமுன், இன்றைய அதே தொகையை வைத்துப் பதினைந்து ஆண்டுச் செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.