சாலையோர நிலமும் இல்லாத உரிமமும்

கேள்வி: சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில், வாழப்பாடி அருகே எனக்கு 40 சென்ட் நிலம் இருக்கிறது. பெட்ரோல் பங்க் வைக்க ஆசை. மின்சார வண்டிகள் பெருகினால் பங்க்கை இழுத்து மூட வேண்டியதுதான் என்கிறான் மகன். ஓர் ஏஜென்ட், டீலர்ஷிப்போடு சார்ஜிங் ஸ்டேஷன் உரிமத்தையும் வாங்கித் தருவதாக 3 லட்சம் கேட்கிறார். 25,000 அனுப்பிவிட்டேன். மீதியைக் கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். சார்ஜிங் ஸ்டேஷன் வைக்க உரிமமே தேவையில்லை. 2018 ஏப்ரலிலேயே மத்திய மின்சார அமைச்சகம் இதைத் தெளிவுபடுத்திவிட்டது. இல்லாத பொருளுக்கு விலை சொல்லியிருக்கிறார் உங்கள் ஏஜென்ட். அரசு எண்ணெய் நிறுவனங்களின் டீலர்ஷிப்புக்கோ விளம்பரம் வரும், நீங்களே விண்ணப்பிக்க வேண்டும், குலுக்கலிலோ ஏலப்புள்ளியிலோ தேர்வு நடக்கும். நடுவில் ஆளுக்கு வேலையில்லை. முத்திரையும் கையெழுத்துமாக ‘ஒப்புதல் கடிதம்’ ஒன்றை அவர் காட்டுவார். போலிக் கடிதங்கள் பல பார்த்திருக்கிறேன். அசலைவிட அழகாக இருக்கும்.

உரிமம் வேண்டாம் என்றேனே தவிர, மின் இணைப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. நிலத்தில் கிணறு இருந்தால் இதைக் கவனியுங்கள். விவசாயத்துக்குக் கொடுத்த இலவச இணைப்பிலிருந்து சார்ஜருக்கு ஒயர் இழுக்கவே கூடாது. ஒரு வண்டிக்குத்தானே, ஒரு வாரத்துக்குத்தானே என்றும் கூடாது. தனி இணைப்பு, தனி மீட்டர், தனிக் கட்டணம். 60 கிலோவாட் வேகச் சார்ஜர் ஒன்று ஓடுவது, 5 குதிரைத்திறன் மோட்டார்கள் பதினாறு ஒன்றாக ஓடுவதற்குச் சமம். ஊர் டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா என்று மின்வாரியத்தில் முதலில் கேளுங்கள். எந்த மேசையில் கேட்பது என்பதைக் கண்டுபிடிக்கவே நாலு நடை ஆகும். அதற்கு என்னிடமும் மருந்தில்லை.

இனி மகனின் கவலை. எண்ணெய் நிறுவனங்கள் பேசுவதை விடுங்கள், பணத்தை எங்கே போடுகின்றன என்று பாருங்கள். இந்தியன் ஆயில் 2046-க்குள் ‘நிகர பூஜ்யம்’ என்கிறது, அதாவது வெளிவிடும் கரியமில வாயுவை ஈடுகட்டி மிச்சம் இல்லாமல் ஆக்குவது. அது சுத்திகரிப்பு ஆலை போன்ற அதன் சொந்தச் செயல்பாடுகளின் கணக்கு. அது விற்ற பெட்ரோல் உங்கள் ஸ்கூட்டரில் எரிந்து வரும் புகை அதில் சேராது. அதன் துணை நிறுவனமோ நாகப்பட்டினத்தில் ஆண்டுக்கு 90 லட்சம் டன் சுத்திகரிக்கும் புதிய ஆலைக்குத் திட்டமிட்டிருக்கிறது. பசுமை பேசிய பிரிட்டனின் பி.பி. நிறுவனம் 2025 பிப்ரவரியில் எண்ணெய், எரிவாயு முதலீட்டை ஆண்டுக்கு 1,000 கோடி டாலராக உயர்த்தி, மாற்று எரிசக்திக்கான முதலீட்டைக் குறைத்தது. இவர்கள் யாரும் நாளையே கடையைக் கட்டப்போவதாக எனக்குத் தெரியவில்லை. முதலில் மின்சாரத்துக்கு மாறுவது இருசக்கர வண்டியும் ஆட்டோவும். அந்த அடி நகரத்து பங்க்குக்கு. உங்கள் சாலையில் ஓடுவது லாரியும் பஸ்ஸும், அதாவது டீசல். அது மெதுவாகத்தான் இறங்கும்.

ஆனால் எரிபொருளில் வரும் மாற்றங்களின் சுமை மட்டும் டீலர் தலைக்கு வருகிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் இறங்கினால், எத்தனால் அதோடு சேர்ந்து தொட்டியின் அடிக்குப் போய்விடும். மழைக்காலத்தில் தினமும் தொட்டியைச் சோதிக்க வேண்டும். தவறினால் வாடிக்கையாளர் திட்டுவது உங்களைத்தான். 2023-இல் மூன்று அரசு எண்ணெய் நிறுவனங்களின் பங்க்குகளில் 7,432 சார்ஜிங் நிலையங்கள் அமைக்க மத்திய அரசு 800 கோடி ரூபாய் மானியம் அறிவித்தது. அது நிறுவனங்களுக்கான பணம். உங்கள் பங்க்கில் சார்ஜர் வந்தால் அது யாருடையது, மின்கட்டணம் யார் கட்டுவது, வருமானத்தில் உங்கள் பங்கு என்ன என்பதை எழுத்தில் வாங்குங்கள். ‘அப்புறம் பார்க்கலாம் சார்’ என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

வண்டிகளுக்கான இயற்கை எரிவாயுவான சி.என்.ஜி. வைக்க நினைத்தால், அதை விநியோகிக்கும் சேலம் மாவட்ட உரிமம் இந்தியன் ஆயிலிடம் இருக்கிறது. அவர்களிடமே நேரில் கேளுங்கள்.

அந்த 25,000 பற்றி: ஆன்லைனில் அனுப்பியிருந்தால் இன்றே 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். ‘மீதியைக் கட்டினால் முன்பணம் திரும்பும்’ என்று ஏஜென்ட் மறுபடி பேசுவார். போனை எடுக்காதீர்கள்.