புகை வேண்டாம், சட்டமும் வேண்டாமா? – கேள்வி பதில்

(பதில் சொல்பவர் திருகோணமலையைச் சேர்ந்த, வளி மாசு அளக்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற இரசாயனவியலாளர்.)

உப்புவெளியிலிருந்து: ஐயா, காலநிலை மாற்றம் பொய் என்றே வைப்போம். நிலக்கரி குறைந்தால் புகை குறையும், நெஞ்சுக்கு நல்லது. நம்பாதவர்கள் அதையும் ஏன் எதிர்க்கிறார்கள்? அவர்கள் மூச்சு விடுவதில்லையா?

விடுகிறார்கள், தங்கச்சி. அவர்களில் கெட்டிக்காரர் சொல்வதை முதலில் கேளுங்கள். "நெஞ்சைக் கெடுப்பது நுண்தூசியும் கந்தகவீரொட்சைட்டும். அதற்குப் புகைபோக்கியில் வடிகட்டி பூட்டினால் போதும். காபனீரொட்சைட்டால் யாருக்கும் இருமல் வராது. தூசியைக் காட்டி நிலக்கரியையே மூடப் பார்க்கிறீர்கள்." இதை முட்டாள் பேச்சு என்று தள்ள முடியாது.

அமெரிக்காவில் 2011இல் அனல்மின் நிலையங்கள் வெளிவிடும் இரசத்தை (பாதரசம்) கட்டுப்படுத்த விதி கொண்டுவந்தார்கள். செலவு ஆண்டுக்கு 960 கோடி டொலர். இரசம் குறைவதால் மட்டும் வரும் நன்மையாகக் காட்ட முடிந்தது 40 முதல் 60 இலட்சம் டொலர்தான். அதே கருவிகளால் நுண்தூசியும் குறையும். அதையும் சேர்த்தால் 3,700 கோடி முதல் 9,000 கோடி டொலர். 'சேர்க்கலாமா, கூடாதா' என்பதில்தான் இன்றைக்கும் சண்டை. செலவைப் பார்க்காமல் தொடங்கியது பிழை என்று 2015இல் அங்கத்தைய உயர் நீதிமன்றம் சொன்னது. என்னைக் கேட்டால், சேர்க்கத்தான் வேண்டும். எந்தச் சட்டத்தின் பெயரில் தூசி குறைந்தது என்று நுரையீரல் பார்ப்பதில்லை.

அவர்கள் வழுக்குகிற இடம் வடிகட்டிதான். இந்தியாவில் 2015இல் கந்தகத்துக்குக் கட்டுப்பாடு போட்டு 2017 வரை தவணை கொடுத்தார்கள். தவணை தள்ளித் தள்ளிப் போய், 2025இல் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்தாயிற்று. வடிகட்டி போதும் என்ற வாதம், வடிகட்டி பூட்டச் சொன்னதும் 'விலை கூட' என்று மாறிவிடுகிறது.

கிண்ணியா ஆசிரியர்: சேர், படித்தவர்களும் மறுக்கிறார்களே?

2014இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இருவர் இதைச் சோதித்தார்கள். தீர்வு அரசாங்கக் கட்டுப்பாடு என்று சொன்னபோது குடியரசுக் கட்சிக்காரர் அறிவியலையே சந்தேகித்தார்கள். சந்தையே தீர்க்கும் என்று சொன்னபோது அதே கட்சிக்காரரில் கூடுதலானோர் ஒத்துக்கொண்டார்கள். மருந்து கசந்தால் நோயே இல்லை என்கிற கதை.

அமெரிக்கா வரை போகவும் தேவையில்லை. 2021இல் இங்கே இரசாயனப் பசளையை ஒரே அடியாகத் தடைசெய்து, வயலைக் கெடுத்துவிட்டு நவம்பரில் வாபஸ் வாங்கினார்களே. அதற்குப் பிறகு கந்தளாயிலோ தம்பலகாமத்திலோ ஒரு வயல்காரரிடம் 'சூழலுக்கு நல்லது' என்று தொடங்கிப் பாருங்கள். மிச்சத்தைக் கேட்க அவர் நிற்கமாட்டார்.

நிலாவெளி மீனவர்: மண்ணெண்ணெய் விலையைக் கூட்டினா புகை குறையுமாம், ஒருத்தர் சொல்றார். அவரை எங்கட வள்ளத்தில ஏத்தட்டா ஐயா?

ஏற்றுங்கள். 2022 ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்குப் போனபோது அவர் எங்கே இருந்தார் என்றும் கேளுங்கள்.

பெயர் வேண்டாம்: எரிமலைதானே கூடக் கக்குது?

இல்லை. மனிதர் விடும் காபனீரொட்சைட்டில் நூற்றில் ஒரு பங்கு கூட எரிமலை விடுவதில்லை.

ஒரு தாய்: மகனுக்கு இழுப்பு. பின்வளவில் குப்பை எரிக்கிறோம், அதனாலா?

இழுப்புக்கு வைத்தியரிடம் காட்டுங்கள், நான் வைத்தியர் இல்லை. ஆனால் பொலித்தீன் கொளுத்தாதீர்கள். 2017இலேயே தடை. லஞ்ச் சீற், யோகட் கப் ஒன்றும் வேண்டாம்.

துறைமுக ஊழியர்: காலநிலைக்கு நல்லதெல்லாம் காற்றுக்கும் நல்லதா?

இல்லை, இதை நம் பக்கத்து ஆட்களே மறைக்கிறார்கள். காபன் குறைவு என்று ஐரோப்பா டீசல் காருக்குச் சலுகை கொடுத்து நகரங்களை நைதரசன் ஒட்சைட்டால் நிரப்பியது. வொக்ஸ்வாகன் கார்க் கம்பனி புகைப் பரிசோதனையில் ஏமாற்றியது 2015இல் பிடிபட்டது. உங்கள் துறையிலேயே பாருங்கள்: கப்பல் எண்ணெயில் கந்தகத்தின் உச்ச அளவை 2020இல் 3.5 சதவீதத்திலிருந்து 0.5க்குக் குறைத்தார்கள். துறைமுக ஊர்க்காரருக்கு நல்ல காற்று. ஆனால் கந்தகத் துகள் வெயிலைத் திருப்பி அனுப்பும். அது குறைந்தால் கடலில் சூடு கொஞ்சம் கூடும்.

மூதூர்க்காரன்: உங்களைப் போல ஆக்கள்தான் சம்பூர் அனல்மின் நிலையத்தை நிப்பாட்டினது. 2022இல 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாம கிடந்தமே!

தம்பி, 500 மெகாவாற் திட்டம் 2016இல் நின்றது. 2022இல் டொலர் இல்லாமல் எரிபொருளே வரவில்லை. இறக்குமதி நிலக்கரிக்கு மட்டும் டொலர் எங்கே இருந்தது?

சம்பூர்: அவர் கரண்டைப் பற்றிக் கதைக்கிறார். 2006இல யுத்தத்தில காணியை விட்டு ஓடினது நாங்க. நிலக்கரி எண்டாலும் சோலார் எண்டாலும் கேக்கிறது எங்கட காணியைத்தானே?

மூதூர்க்காரன்: அப்ப ஒண்டுமே வேண்டாமா? பெடியளுக்கு வேலை?

இருவரும் பொறுங்கள். சம்பூரில் இப்போது வருவது 120 மெகாவாற் சூரிய மின் திட்டம், 2025 ஏப்ரலில் தொடங்கியது. கட்டி முடிந்தபின் அதில் நிரந்தர வேலை குறைவுதான், அதை ஒத்துக்கொள்கிறேன். அதே ஆண்டு முத்துநகர் விவசாயிகள் சூரிய மின் திட்டத்துக்குப் போன வயலைக் கேட்டுப் போராடினார்கள். அவர்களைக் காலநிலை மறுப்பாளர் என்பீர்களா? எதிர்க்கிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது, இதில் உங்களுக்கு என்ன போகிறது என்பதைத்தான். சிலருக்குக் காணி, சிலருக்கு நிலக்கரிப் பங்கு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன்.

மூதூர்க்காரன்: வேலைக்குப் பதில் வரேல்ல.

வரவில்லைதான். சம்பூர் பற்றி இனி எழுதமாட்டேன்.

அன்புவழிபுரம்: நம்பாதவர்கள் புகையை ஏன் எதிர்ப்பதில்லை?

முதல் கேள்வியே அதுதான். மேலே பாருங்கள்.

வீட்டுக்காரர்: கூரைச் சோலார் என்ன விலை?

உங்கள் பிரதேச மின்சார அலுவலகத்தில் கேளுங்கள். பழைய தகட்டையும் வயரையும் எரிக்க வேண்டாம்.

சம்பூர்: கோவிக்காதீங்க ஐயா, கடைசியா ஒண்டு. அந்த நிலக்கரி வந்திருந்தா சாம்பல் எங்க போயிருக்கும்?

எழுதமாட்டேன் என்றேன், ஆனால் கேள்வி நல்லது. ஒரு பங்கு சீமெந்துக்குப் போகும். நுரைச்சோலை அனல்மின் நிலையச் சாம்பல் அப்படிப் போகிறது. மிச்சம் வெளியில் குவியும், பக்கத்தில் எரிக்காத நிலக்கரியும் குவிந்திருக்கும். காற்றுக் காலத்தில் அந்தத் தூள் வீட்டுக்குள்ளும் தோட்டப் பயிரிலும் படிவதாக நுரைச்சோலை ஆட்கள் பல வருடமாக முறைப்பாடு செய்கிறார்கள்.