'உரிய' என்றால் எத்தனை நாள்?

அன்புள்ள ஐயா,

நானும் என் கணவரும் இரண்டு வருடமாகப் பிரிந்து வாழ்கிறோம். சண்டையெல்லாம் ஓய்ந்துவிட்டது. பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து வாங்க முடிவு செய்திருக்கிறோம். எங்கள் திருமணம் இந்து திருமணச் சட்டத்தின்படி பதிவானது. மகளுக்கு ஏழு வயது, என்னுடன் இருப்பாள். வக்கீல் இரண்டு பக்கத்தில் ஒப்பந்த வரைவு எழுதிக் கொடுத்திருக்கிறார், நகல் இணைத்துள்ளேன். தேதி, தொகை எல்லாம் போட்டு விரிவாக எழுதிக்கொள் என்கிறாள் தோழி. பத்து வருடம் குடும்பம் நடத்திவிட்டு, கூட்டு வியாபாரத்தைப் பிரிப்பதுபோல எழுதிக்கொள்வது எனக்கு அசிங்கமாக இருக்கிறது. அவர் நல்ல மனிதர்தான். பணம் எதுவும் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். இதை நோட்டரியிடம் கொடுத்து முத்திரை வாங்கினால் போதுமா? மனுப் போட்டபின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டுமாமே, அதைத் தவிர்க்க முடியுமா?

பெயர் வேண்டாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

நான் வக்கீல் இல்லை. இருபது வயதில் மூன்று வருடம் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப் அடித்தவன், அவ்வளவுதான். ஆனால் நீங்கள் அனுப்பிய வரைவைப் படித்ததும் பழைய கோபம் ஒன்று கிளம்பிவிட்டது. அந்த இரண்டு பக்கத்தில் 'உரிய' என்ற சொல் ஒன்பது இடத்தில் வருகிறது. எண்ணிப் பார்த்தேன்.

நோட்டரி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். போதாது. முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டதால் உங்கள் திருமணம் முறியாது. குடும்ப நல நீதிமன்றத்தில் இருவரும் சேர்ந்து மனுப் போட்டுத் தீர்ப்பு வாங்க வேண்டும். ஒப்பந்தத்தை மனுவோடு தாக்கல் செய்து, அதன் நிபந்தனைகள் தீர்ப்பிலும் இடம்பெறும்படி பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மற்றதை உங்கள் வக்கீல் சொல்வார்.

அசிங்கம் என்கிறீர்களே, அதற்கு வருகிறேன். 1955-ல் இந்து திருமணச் சட்டம் வந்தபோது நீங்கள் இன்று போகிற வழி அதில் கிடையாது. 'எங்களுக்கு ஒத்துவரவில்லை, பிரித்துவிடுங்கள்' என்று இருவரும் சேர்ந்து போய்க் கேட்க முடியாது. அதற்கான 13பி பிரிவு 1976-ல்தான் சேர்ந்தது. சேர்ந்து கேட்க மனமில்லாதவர்கள் ஒருவரை ஒருவர் என்னவெல்லாம் சொல்லி மனுப் போடுவார்கள் என்பது டைப் அடித்த இந்த விரல்களுக்குத் தெரியும். படுக்கையறை வரை எழுதுவார்கள், மூன்று கார்பன் நகலோடு. அசிங்கம் என்றால் அது. பள்ளிக் கட்டணத்தை யார் எந்தத் தேதிக்குள் கட்டுவது என்று எழுதுவதில் என்ன அசிங்கம் வந்துவிட்டது?

அந்த அலுவலகத்துக்கு ஒரு தம்பதி வந்தார்கள். உங்களைப் போலத்தான், கண்ணியமானவர்கள். அந்த அம்மா உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டதே அவர்தான். பத்து வயதுப் பையன் தாயோடு இருப்பது, 'பள்ளி விடுமுறையில் உரிய நாட்கள்' தகப்பனோடு இருப்பது என்று முடிவானது. எத்தனை நாள் என்று போடவா சார் என்று கேட்டேன். "படிச்சவங்கப்பா, அவங்களுக்குத் தெரியாதா" என்றார் வக்கீல். அடித்துக் கொடுத்தேன்.

அடுத்த மே மாதம் அந்த மனிதர் தனியாக வந்தார். சட்டைப் பையில் இரண்டு ரயில் டிக்கெட். அவர் மாதம் முழுக்க என்று நினைத்திருக்கிறார், அந்த அம்மா நான்கு நாள் என்று நினைத்திருக்கிறார். இருவருமே பொய் சொல்லவில்லை. வக்கீல் கோர்ட்டுக்குப் போயிருந்தார். அவர் என் மேஜைக்கு வந்து, சத்தம் போடாமல் கேட்டார்: "தம்பி, நீங்கதானே டைப் அடிச்சீங்க? உரியன்னா எத்தனை நாள்?"

நான் டைப்ரைட்டருக்கு உறை போடுவதில் மும்முரமாக இருந்தேன்.

இப்போது உங்கள் வரைவு. 'தந்தை மகளை உரிய முறையில் பார்க்கலாம்.' எந்தச் சனிக்கிழமை? எத்தனை மணிக்கு? யார் கொண்டுபோய் விடுவது, யார் திரும்பக் கூட்டி வருவது? அன்றைக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அந்த முறை போனது போனதுதானா, அடுத்த வாரம் உண்டா? தீபாவளி யாருக்கு, பிறந்தநாள் யாருக்கு? நடுவில் போனில் பேசலாமா? பாஸ்போர்ட்டுக்குக் கையெழுத்து வேண்டுமென்றால்? இரண்டு பக்கம் பத்துப் பக்கமாகட்டுமே, காகிதம் மலிவு. எழுதிவிட்டால் கல்வெட்டாகிவிடும் என்றும் பயப்படாதீர்கள். குழந்தை விஷயத்தில் எழுதியதை அவளுடைய நலனுக்காக நீதிமன்றம் பின்னால் மாற்ற முடியும். மாற்றுவதற்கும் முதலில் ஏதாவது எழுதியிருக்க வேண்டுமே.

அவர் நல்லவர் என்கிறீர்கள். நம்புகிறேன். நீங்களும் நல்லவர். ஐந்து வருடம் கழித்து, ஒருவருக்கு வேறு ஊர், ஒருவருக்கு வேறு குடும்பம் என்று ஆனபிறகு இருக்கப்போகும் அந்த இரண்டு பேரை எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது.

பணம் வேண்டாம் என்று சொன்னதைப் படித்தபோது நிஜமாகவே எரிச்சல் வந்தது. உங்களுக்கு வேண்டாமென்றால் விடுங்கள், அது உங்கள் இஷ்டம். மகளுக்கு வர வேண்டியதையும் சேர்த்து வேண்டாம் என்று சொல்ல நீங்கள் யார்? அவள் பராமரிப்பு அவளுடைய உரிமை. உங்கள் பெருந்தன்மைக்கு அவள் ஏன் செலவு செய்ய வேண்டும்? அப்புறம் நகை. பிறந்த வீட்டில் போட்டது உங்கள் சீதனம், அது பெண்ணுக்கே முழுச் சொந்தம் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. வரைவிலோ 'உரிய பொருட்கள் திருப்பித் தரப்படும்' என்றிருக்கிறது. எத்தனை வளையல், எத்தனை பவுன், யார் பெயரில் உள்ள லாக்கர் என்று பட்டியல் போடுங்கள்.

அதட்டிவிட்டேன், மன்னியுங்கள். இரண்டு வருடம் பிரிந்திருந்தும் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை இல்லை. அதற்கு எவ்வளவு பொறுமை வேண்டுமென்று எனக்குத் தெரியும். அந்த மரியாதை நீடிக்கட்டும் என்றுதான் இவ்வளவும் சொல்கிறேன்.

ஆறு மாதம் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். அந்தக் காத்திருப்பிலிருந்து விலக்குக் கேட்கலாம். நீதிபதி விரும்பினால் தரலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மனுப் போடும் முன்பே ஒன்றரை வருடமாவது பிரிந்திருக்க வேண்டும், அது உங்களுக்கு ஆகிவிட்டது. ஜீவனாம்சம், குழந்தை, மற்ற விவகாரங்கள் எல்லாம் உண்மையாகவே தீர்ந்திருக்க வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை. ஒன்பது 'உரிய'வோடு போய் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நீதிபதியிடம் எப்படிச் சொல்வீர்கள்? திங்கட்கிழமை வக்கீலிடம் போங்கள். போகும்போது தோழியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.