வெட்டியெடுத்த பக்கங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எகிப்தில் அடிமைப்பட்டிருந்த இஸ்ரவேலரை மோசே வெளியே நடத்திவந்த கதையைச் சொல்லும் பைபிள் நூலான யாத்திராகமம் பற்றிய உங்கள் உரையைக் கேட்டேன். யூதர்கள், அமெரிக்காவின் கறுப்பின அடிமைகள், பாலஸ்தீனக் கிறிஸ்தவர்கள் என ஒவ்வொருவரும் அதை ஒவ்வொரு விதமாக வாசித்ததைச் சொன்னீர்கள். அப்படியானால் நூலுக்கென்று ஒரு பொருள் கிடையாதா? அவரவர் பாடுகளை அதன்மேல் ஏற்றிச் சொல்கிறார்கள், அவ்வளவுதானே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அவ்வளவுதான் என்றால் 1807இல் லண்டனில் ஒரு தனி பைபிளை அச்சிட்டிருக்கவே வேண்டாம். பிரிட்டனின் மேற்கிந்தியத் தீவுகளில் இருந்த அடிமைகளுக்கென்று தொகுத்தது அது. பழைய ஏற்பாட்டில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கும் புதிய ஏற்பாட்டில் பாதியும் அதில் இல்லை. யோசேப்பு அடிமையாக விற்கப்பட்ட கதை இருக்கிறது. எகிப்திய மன்னன் பார்வோன் முன்னால் மோசே போய் நிற்பது இல்லை, தப்பிவரும் மக்களுக்குச் செங்கடல் பிளந்து வழிவிடுவதும் இல்லை. பத்துக் கட்டளைகள் உண்டு. எஜமானருக்குக் கீழ்ப்படியச் சொல்லும், புதிய ஏற்பாட்டின் எபேசியர் நிருப வசனம் உண்டு. ‘அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை’ என்ற கலாத்தியர் நிருப வசனத்தைக் காணோம். அதே மேற்கிந்தியத் தீவுகளில் உள்ள ஹெய்ட்டியில் அப்போது அடிமைகள் போரிட்டு விடுதலை பெற்று மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

வெட்டியவர்களுக்கு நன்றாக வாசிக்கத் தெரிந்திருக்கிறது. அடிமைகள் அந்தப் பக்கங்களில் எதைக் காண்பார்களோ, அது அங்கே உண்மையாகவே இருந்தது. பின்னாளில் அமெரிக்காவில் அடிமைகளைத் தப்புவித்த ஹாரியட் டப்மனை மக்கள் ‘மோசே’ என்று அழைத்ததும் அந்தப் பக்கங்களின் பலத்தில்தான்.

ஆனால் கதை செங்கடலோடு முடிவதில்லை, கடவுள் இஸ்ரவேலருக்கு வாக்களித்த கானான் தேசத்துக்குப் போகிறது. அங்கே ஏற்கெனவே மக்கள் குடியிருக்கிறார்கள். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்தில் குடியேறிய பியூரிட்டன் கிறிஸ்தவர்கள் தங்களைப் புதிய இஸ்ரவேலாகவே எண்ணினார்கள். அமெரிக்காவின் ஓசேஜ் பழங்குடியைச் சேர்ந்த ராபர்ட் ஆலன் வாரியர் 1989இல் எழுதிய கட்டுரையில் இதே கதையைக் கானானியரின் பக்கமிருந்து வாசித்தார். 1948இல் பாலஸ்தீனத்தின் பெய்சானிலிருந்து குடும்பத்தோடு வெளியேற்றப்பட்டு, பின்னாளில் ஆங்கிலிக்கன் குருவான நயீம் அடீக்கும் இந்த இடத்தில்தான் தடுமாறினார். வாரியரும் அடீக்கும் எதையும் வெளியிலிருந்து கொண்டுவந்து ஏற்றவில்லை. கானானியரை அழிக்கச் சொல்லும் கட்டளை பைபிளின் உபாகமம் 7ஆம் அதிகாரத்தில் எழுதியே இருக்கிறது.

ஆகவே, எல்லா வாசிப்பும் சமம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு வாசிப்பு நிற்பதற்கு எந்தப் பக்கத்தை மறைக்க வேண்டியிருக்கிறது என்று பார்ப்பேன். அடிமைகளுக்கென்று தொகுத்த அந்த பைபிள் கத்தரிக்கோலால் மறைத்தது. நிலம் பிடித்தவர்கள் கத்தரிக்கோலை எடுக்காமலே, ‘நீங்களும் எகிப்து தேசத்தில் அந்நியராயிருந்தீர்களே’ என்ற வசனத்தைத் தாண்டிப் போனார்கள்.

எனக்கு மிகவும் மதிப்புள்ளது, எகிப்திலிருந்து பெற்ற விடுதலையைக் கொண்டாடும் பஸ்கா இரவில் யூதக் குடும்பங்களில் நடக்கும் வாசிப்பு. தலைமுறைதோறும் ஒவ்வொருவரும் தாமே எகிப்திலிருந்து புறப்பட்டதாக எண்ண வேண்டும் என்கிறது யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா. கடவுள் எகிப்தின்மேல் அனுப்பிய பத்து வாதைகளின் பெயரைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் கிண்ணத்திலிருந்து ஒரு துளி திராட்சரசத்தை எடுத்துவிடுகிறார்கள். மாண்ட எகிப்தியருக்காகத் தங்கள் மகிழ்ச்சியைக் குறைத்துக்கொள்வதாக அதற்கு விளக்கம் சொல்வார்கள். துரத்திவந்த எகிப்தியர் கடலில் மூழ்கும்போது பாட வந்த தேவதூதர்களைக் கடவுள் தடுத்ததாக யூத மதநூலான தல்மூதிலும் ஒரு கதை உண்டு. சொந்த விடுதலையைக் கொண்டாடும் இரவிலேயே எதிரியின் சாவையும் சேர்த்து வாசித்திருக்கிறார்கள்.